பாதிக் கேமரா

ஜூன் 10, செவ்வாய்

கேமரா வாங்குவது என்று முடிவு செய்து இன்றோடு பத்தொன்பது நாள். இதுவரை வாங்கியது ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் கட்டம் போட்டு, பதினான்கு கேமராக்களின் பெயர், எடை, வயது, குறை எல்லாம் எழுதியாகிவிட்டது. விலைக்கு என்று கடைசியில் ஒரு கட்டம் விட்டிருந்தேன். அதை நிரப்பிய பிறகு பதினொன்றை அடிக்க வேண்டியதாயிற்று.

காணொளியில் வரும் தாடிக்காரர் ஒருவர் ‘மாணவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலை’ என்று ஆரம்பிக்கிறார். அவர் சொல்லும் விலையில் எங்கள் வகுப்பில் மூன்று பேர் ஒரு வருஷக் கட்டணம் கட்டிவிடலாம். எந்த ஊர் மாணவர்களைப் பார்த்துவிட்டுப் பேசுகிறாரோ. ஆனாலும் நாற்பது நிமிடமும் விடாமல் பார்த்தேன்.

எதற்கு இந்தப் பாடு என்று ஒருமுறை எழுதி வைத்துவிடுகிறேன், பிற்பாடு எனக்கே சந்தேகம் வரக்கூடாது. எங்கள் இதழியல் படிப்பில் கடைசி அரையாண்டு முழுக்க வேலைப் பயிற்சி. இங்குள்ள பெரிய நாளிதழ் வருஷத்துக்கு இரண்டு பேரைப் படப் பிரிவில் சேர்த்துக்கொள்கிறது. ஆறு மாதம் ஒழுங்காக இருந்தால் அங்கேயே வேலை. பன்னிரண்டு படம் அனுப்ப வேண்டும். செல்போன் படம் ஆகாது, கேமராவில் பதிவான மூலக் கோப்பும் கூடவே போக வேண்டும். ஆகஸ்ட் முடிவதற்குள். எங்கும் இடம் கிடைக்காதவர்களைத் துறையே பார்த்து எங்காவது தள்ளிவிடும். போன வருஷம் மிஞ்சிய அக்கா ஆறு மாதம் கல்லூரி அலுவலகத்தில் அடையாள அட்டைக்குப் படம் எடுத்தார். இப்போது யாராவது கேமராவைத் தூக்கினாலே எழுந்து வேறு பக்கம் போய்விடுகிறார்.

எனக்கு அந்த நாளிதழ் வேண்டும். வேறு எதுவும் இவ்வளவு வேண்டியதாக இருந்ததில்லை.

ஜூன் 14, சனி

அம்மாவிடம் சொன்னேன். அம்மா வார்டில் நர்ஸ். எப்போது கூப்பிட்டாலும் இரண்டு ஊசிக்கு நடுவில்தான் பேசுவாள். “ஃபோன்லயே படம் நல்லா விழுதேடி” என்றாள். அண்ணனும் அதையே சொன்னான். விடுதி மெஸ் பொறுப்பாளரும், நான் கேட்காமலே.

இதைச் சொன்னவர்கள் இதுவரை: ஏழு பேர்.

ஜூன் 19, வியாழன்

அறைத்தோழி ஒட்டடையும் அதே நாளிதழுக்குத்தான் விண்ணப்பிக்கிறாள். அவள் உயரத்துக்கும் ஒல்லிக்கும் முதலாண்டிலேயே ஒட்டடைக்குச்சி என்று பெயர் விழுந்துவிட்டது. நாளாக ஆகக் குச்சி உதிர்ந்துவிட்டது. குளிக்கப் போகும் நேரத்துக்குக்கூட அட்டவணை போடுவதால் எனக்கு ஆடிட்டர் என்று பெயர். மூன்று வருஷமாக ஒரே அறை. அவள் சோப்பு எது, என் சோப்பு எது என்று இருவருக்கும் தெரியாது.

நான் பிறருடைய ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து சேர்த்தது பாதிக் கேமராவுக்கு வரும். அவள் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துச் சேர்த்ததும் பாதிக் கேமராவுக்கு வரும். சாப்பிடும்போது அவள்தான் ஆரம்பித்தாள்: “அங்க ரெண்டு இடம் இருக்கு. நாம ரெண்டு பேர். ஒரு கேமரா போதாதா?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை, ஒரு கௌரவத்துக்குச் சொன்னது.

ஜூன் 28, சனி

ரயில் நிலையத்துக்குப் பின்னால் பழைய கேமராக் கடை, ஒட்டடையும் நானும் போனோம். ஒரு பக்கம் சாவி போடுகிறவர், மறுபக்கம் மருந்துக் கடை. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். வாடிக்கையாளர் வந்தால் சிரமப்படுகிற முகம்.

என்னிடம் பதினேழு கேள்விகள் இருந்தன. ஆறுக்குப் பதில் சொன்னார். ஏழாவதைக் கேட்டபோது செல்போனைக் காதில் வைத்துக்கொண்டார். அது ஒலித்த மாதிரி தெரியவில்லை.

அந்த ஆறில் தெரிந்துகொண்டவை. பழைய கேமராவில் இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்ப்பதைப் போல. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, கேமரா விலையில் லென்ஸ் சேராது.

என் நோட்டில் பதினான்கு கேமராவுக்கும் நான் எழுதியிருந்தது லென்ஸ் இல்லாத விலை. ஒட்டடை சிரிக்கவில்லை. கடையைத் தாண்டி, மருந்துக் கடையையும் தாண்டி, தெருமுனை வரை சிரிக்காமல் வந்தாள். அப்புறம் உட்கார்ந்து சிரித்தாள்.

ஜூலை 2, புதன்

மிஞ்சிய மூன்றில் ஒன்றை அடித்தேன். மாலையில் அதையே திரும்பச் சேர்த்தேன்.

ஜூலை 5, சனி

வாங்கிவிட்டோம்.

ஐந்து வருஷப் பழசு. நாற்பத்தோராயிரம் படம் ஓடியிருக்கிறது. பிடியில் ரப்பர் கொஞ்சம் வழுவழுப்பாகிவிட்டது, திரையின் மூலையில் ஒரு கீறல். என் அட்டவணைப்படி இது மூன்றாமிடம். முதலிடத்தைக் கையில் எடுத்துப் பார்த்த ஒட்டடை, அது செங்கல் மாதிரி இருக்கிறது என்று வைத்துவிட்டாள். இரண்டாமிடத்தை நேற்றே யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். முப்பத்தெட்டு பக்க ஆராய்ச்சி அப்படி முடிந்தது.

லென்ஸ் கிட்டே இழுக்காது, எட்டத் தள்ளாது. கிட்டே வேண்டுமென்றால் நாம்தான் நடந்து போக வேண்டும். ஆனால் வெளிச்சம் குறைந்த இடத்திலும் எடுக்கும். கீறலுக்கும் ரப்பருக்கும் கழித்துக் கேமரா நோட்டு விலையில் பாதிக்கு வந்தது, லென்ஸும் ஏறக்குறைய அதே விலை என்பதால் பங்கு போடுவது சுலபமாக இருந்தது: கேமரா என்னுடையது, லென்ஸ் அவளுடையது. கடைக்காரர் இரண்டு பேர் பெயரில் இரண்டு ரசீது போட்டார். இப்படி யாரும் வாங்கியதில்லை என்றார். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டோம்.

ஜூலை 6, ஞாயிறு

ஒப்பந்தம் எழுதினேன். ஒன்பது விதிகள். திங்கள், புதன், வெள்ளி எனக்கு, செவ்வாய், வியாழன், சனி அவளுக்கு, ஞாயிறு சேர்ந்து. மழையில் எடுத்துப் போனவர் துடைக்க வேண்டும். பேட்டரி தீர்த்தவர் ஏற்ற வேண்டும். ஒட்டடை படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். மெமரி கார்டு ஒன்றே ஒன்று. அதில் உள்ள எல்லாவற்றையும் இருவர் லேப்டாப்பிலும் ஏற்றிக்கொள்வது என்பது ஒன்பதாவது விதி.

ஜூலை 27, ஞாயிறு

காலை ஐந்தரைக்கே பேருந்துப் பணிமனைக்குப் போனோம். காவலாளி உள்ளே விட மாட்டேன் என்றார். ஒட்டடை அவரிடம் அவர் முட்டிவலியைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினாள், விட்டுவிட்டார்.

உள்ளே வண்டி கழுவும் கொட்டகை. வரிசையாகப் பேருந்துகள். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண்மணி குழாயைப் பிடித்துக் கண்ணாடி மேல் தண்ணீர் அடிக்கிறார். உள்ளே டிரைவர் ஒருவர் எதையும் கண்டுகொள்ளாமல் தலை வாரிக்கொண்டிருக்கிறார், வகிடு எடுத்து, நிதானமாக. தண்ணீர் அவர் முகத்துக்கு நேராக வழிகிறது. நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம். கேமரா கைமாறிக்கொண்டே இருந்தது. அரை மணி நேரத்தில் நூற்றுப் பத்துப் படம்.

அறைக்கு வந்து ஏற்றிப் பார்த்தால் நூற்றொன்பது சுமார் ரகம். ஒன்று மட்டும் அப்படி இல்லை: வழியும் தண்ணீருக்குப் பின்னால் தலை வாரும் டிரைவர். “செம்மயா இருக்குல்ல” என்றாள். ஆமாம் என்றேன். நான் எடுத்ததைப் பாராட்டுகிறாள் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

துறை அறிவிப்புப் பலகை. நாளிதழில் இந்த வருஷம் ஒரே ஒரு இடம்தான். செலவைக் குறைக்கிறார்களாம்.

நான் “பரவால்ல” என்றேன். அவளும் “பரவால்ல” என்றாள். பிறகு அவள் துணி துவைக்கப் போனாள். நேற்றுத்தான் துவைத்தாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பன்னிரண்டு படம் அனுப்பிவிட்டேன். முதல் படம் டிரைவர். அவளும் இன்று அனுப்பினாள். என் கட்டில் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் அனுப்பினாள். நானும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

நாளிதழின் படப் பிரிவு ஆசிரியர் இருவரையும் வரச் சொல்லியிருந்தார்.

சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருக்கும் மனிதர். குரலை உயர்த்தவே இல்லை. கணினித் திரையில் இரண்டு விண்ணப்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தார். இரண்டிலும் முதல் படம் தலை வாரும் டிரைவர். ஒரே படம், ஒரே நேரம், காலை ஆறு பன்னிரண்டு, பதினெட்டாவது வினாடி.

“நான் இருபது வருஷமா இங்க இருக்கேன். இப்படி ஒண்ணு பார்த்ததில்ல” என்றார். கடைக்காரரும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். அடுத்த வெள்ளி, பத்தொன்பதாம் தேதிக்குள் யார் எடுத்தது என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு விண்ணப்பமும் தள்ளுபடி. எடுத்தவருக்கு இடம் கிடைக்கும் என்று அவர் வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்தது.

பேருந்தில் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்து வந்தோம்.

செப்டம்பர் 9, செவ்வாய்

நான்தான் எடுத்தேன். பட்டனை அமுக்கியது என் விரலுக்கு ஞாபகம் இருக்கிறது. அவளிடம் அதைச் சொன்னேன்.

தான் எடுத்ததாகச் சொல்கிறாள். ஜன்னல் மட்டத்திலிருந்து எடுத்த கோணம், உன் உயரத்துக்கு வராது என்கிறாள். பக்கத்துப் பேருந்தின் படியில் ஏறி நின்றேன் என்றேன். “நீ படியில ஏறவே இல்லடி.” ஏறினேன். ஏறினேன்தானே? ஏறினேன்.

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். பேட்டரிக்கு விதி இருக்கிறது, மழைக்கு விதி இருக்கிறது. எடுத்த படம் யாருடையது என்று ஒரு வரி இல்லை.

செப்டம்பர் 10, புதன்

வகுப்பு முடிந்து வந்தேன். என் மேஜையில் கேமரா, லென்ஸ் இல்லாமல், வாயில் மூடி போட்டு. லென்ஸ் அவள் பெட்டியில். பெட்டிக்குப் பூட்டு. மூன்று வருஷத்தில் இந்த அறையில் முதல் பூட்டு.

ஏதோ நான் திருடுறவ மாதிரி. இருக்கட்டும், அந்த லென்ஸ வெச்சு அவ மட்டும் என்ன பண்ணிடுவா? பொட்டிக்குள்ளேயே வெச்சுப் பூட்டிக்கட்டும். எனக்கென்ன.

செப்டம்பர் 13, சனி

சோப்பும் பிரிந்துவிட்டது. அவளுடையது பச்சை.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

என் வாதத்துக்கு ஆதாரம் தேடி, கல்லூரி ஆய்வகத்திலிருக்கும் பெரிய திரையில் அந்தக் கோப்பைத் திறந்தேன். எங்கள் லேப்டாப் திரைகளில் அதை இவ்வளவு பெரிதாகப் பார்த்ததில்லை. படியில் ஏறி நின்றதற்கு ஏதாவது நிழல், ஏதாவது பிரதிபலிப்பு இருக்கும் என்று ஓரங்களைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். கீழ் வலது மூலையில் பேருந்தின் முன்சக்கரம். சக்கரத்துக்கு நடுவில் பளபளவென்று இரும்பு மூடி. தண்ணீர் பட்டுக் கண்ணாடி மாதிரி இருந்தது.

மூடிக்குள் இரண்டு பேர் நிற்கிறார்கள். நீளமாக ஒருத்தி, கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு. பக்கத்தில் குள்ளமாக இன்னொருத்தி. இரண்டாமவள் எந்தப் படியிலும் இல்லை. அவள் வெண்ணெய் பன் தின்றுகொண்டிருக்கிறாள். கன்னம் உப்பியிருக்கிறது.

நான் அதை எத்தனை தடவை பெரிதாக்கினேன், சின்னதாக்கினேன் என்று தெரியாது. பன் பன்னாகவேதான் இருந்தது.

பொய் சொல்லவில்லையே நான். அதுதான் தாங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நம்பித்தான் சொன்னேன். என் விரலுக்கு ஞாபகம் இருந்தது. அந்த நேரத்தில் அந்த விரலில் வெண்ணெய் இருந்திருக்கிறது.

ஒட்டடை இதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்லியிருப்பாள். அவள் லேப்டாப் திரை பாதி மங்கல்.

செப்டம்பர் 17, புதன்

இன்னும் சொல்லவில்லை.

வெள்ளி வரை பேசாமல் இருந்தால் இரண்டும் தள்ளுபடி. அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அது ஒருவிதத்தில் நியாயம் மாதிரிகூடத் தோன்றியது, ஒரு பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காக இப்போது வெட்கமாக இருக்கிறது. எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது.

செப்டம்பர் 18, வியாழன்

காலையில் நாளிதழ் அலுவலகத்துக்கு நான் மட்டும் போனேன். படம் என்னுடையதில்லை என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார். சக்கரத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“கையில என்னம்மா அது?”

“பன் சார்.”

தலையாட்டிக்கொண்டார். என்னுடைய மற்ற பதினொன்றும் சுத்தமாக இருக்கின்றன என்றார். எல்லாமே நேராக, அளவெடுத்த மாதிரி. வந்ததற்கு நன்றி என்று எழுந்து நின்றார். நேர்மைக்காக எனக்கும் ஒரு இடம் கொடுப்பார் என்று ஒரு மூலையில் நினைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். கொடுக்கவில்லை.

அறைக்கு வந்து ஒட்டடையிடம் சொன்னேன். பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன், அதைக் கொடுத்தேன். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேனா? நினைத்தேன்.

தாளைப் பார்த்தாள். மடித்து மேஜையில் வைத்தாள். சத்தம் போடவில்லை.

“ஒம்பது நாளா நான் சொன்னேன். நீ நம்பல. பஸ் சக்கரம் சொன்னதும் நம்பிட்ட.”

ஆதாரம் பார்த்தால்தானே — என்று ஆரம்பித்தேன், பாதியில் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை. குளியலறையில் போய் அழுதேன். வெளியே யாரோ வாளியோடு நின்று கதவைத் தட்டினார்கள், வந்துவிட்டேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஒட்டடை கிளம்பிவிட்டாள். நாளிதழ் அலுவலகத்துக்குப் பக்கத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் இடம் பார்த்திருக்கிறாளாம். மெஸ் பொறுப்பாளர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாளிதழில் அலுவலகக் கேமராவே தருவார்கள். நான் வகுப்பில் இருந்த நேரத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கட்டிலில் போர்வையை ஒழுங்காக மடித்து வைத்திருந்தாள். அவள் போர்வை மடித்து நான் பார்த்ததே இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

எனக்கு அடையாள அட்டை.

கல்லூரி அலுவலகத்தில் சுவரோரம் ஒரு நாற்காலி, எதிரே தரையோடு முடுக்கிய தாங்கியில் ஒரு கேமரா. அதை நகர்த்தக் கூடாது. முதலாண்டில் ஆயிரத்து நூறு பேர். கண்ணாடியைக் கழற்றுங்க, தலையை நேரா வைங்க, அடுத்தது. இன்று அறுபத்து நான்கு பேர். இரண்டு பேர் கண்ணை மூடிவிட்டார்கள்.

அக்டோபர் 15, புதன்

அம்மா கூப்பிட்டாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பன் உட்பட. அந்தப் பக்கம் தட்டில் ஏதோ வைக்கும் சத்தம் கேட்டது. ஊசி போடுகிறாளோ என்று நினைத்தேன். “அவளுக்கு ஒரு ஃபோன் போடேன்” என்றாள். போட்டேன் அம்மா, எடுக்கவில்லை என்றேன். போடவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

இன்று போட்டேன். எடுக்கவில்லை.

நவம்பர் 1, சனி

லென்ஸ் இல்லாத கேமராவை வைத்துக்கொண்டு என்ன செய்வது. விற்றுவிடலாம் என்று பழைய கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆடிட்டர் நீதானா?”

ஆமாம் என்றேன். மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வைத்தார். எங்கள் லென்ஸ். அவள் லென்ஸ். போன மாதம் விடுதிக்கு முன்பணம் கட்ட வேண்டுமென்று விற்றுவிட்டுப் போயிருக்கிறாள். கண்ணாடி அலமாரியில் வைக்காமல் ஏன் உள்ளே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“அந்த நெட்டைப் பொண்ணுதான் சொல்லிச்சு. ஒரு மாசம் வெளிய வைக்காதீங்க, குள்ளமா ஒருத்தி வருவா, அவளுக்குக் குடுங்கன்னு. விலையைச் சொல்லிட்டு நிறுத்திக்கங்க, வெவரம் சொல்ல ஆரம்பிச்சா கடையைச் சாத்த முடியாதுன்னுச்சு.”

விலையைச் சொன்னார். அவளுக்குக் கொடுத்ததைவிடக் கூட இருக்கும், அது அவர் தொழில். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டார்ச்சைக் கையில் கொடுத்தார், பூஞ்சை பார்த்துக்கொள்ளச் சொல்லி. வேண்டாம் என்றேன். அடையாள அட்டை வேலைக்குக் கிடைத்த முதல் மாத உதவித்தொகை அப்படியே போயிற்று. விற்கப் போனவள் முழுக் கேமராவோடு வெளியே வந்தேன்.

வாசலிலேயே மாட்டினேன். பக்கத்துச் சாவிக்கடைக்காரர், ஒரு சாவியைத் தீட்டிவிட்டு, அது பூட்டில் நுழையாததால், சாவியைத் திட்டிக்கொண்டிருந்தார். எடுத்தேன். ஒன்றே ஒன்று. மாலையில் அதை ஒட்டடைக்கு அனுப்பினேன், கூட ஒரு வார்த்தை எழுதாமல்.

ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. நாற்பத்து நான்கு நாளில் அவளிடமிருந்து முதல் வார்த்தை.

“கொஞ்சம் சாஞ்சிருக்கு.”

படத்தைத் திறந்து அளந்து பார்க்கவில்லை. சாய்ந்துதான் இருக்கும். ‘ஆமா’ என்று எழுதி அனுப்பினேன்.